எக்ஸ்ரேல தெரியல, மொத ஸ்கேன்லயும் தெரியல: கைக்குள்ள மாட்டின சிலாம்பும் ரெண்டு அல்ட்ராசவுண்டும்

நேரா மார்க்கைச் சொல்லிடறேன். தோலுக்கடியில மாட்டிக்கிட்ட மரச் சிலாம்பைத் தேடி ரெண்டு இடத்துல அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தேன். மொத இடத்துக்கு அஞ்சுக்கு ஒண்ணு, அதுவும் காக்க வைக்காம கூப்பிட்டாங்கங்கிறதுக்காக. ரெண்டாவது இடத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு. மெஷினுக்கு மட்டும் தனியா கேட்டா நாலு. ரெண்டு இடத்துலயும் இருந்தது கிட்டத்தட்ட ஒரே மாதிரி மெஷின்தான், அதுதான் இந்த ரிவ்யூவை எழுத வச்சதே. பேரு ஊரு எதுவும் போடல, கேக்காதீங்க.

நடந்தது இதுதான். ஒரு பழைய மர பீரோவை நகர்த்தும்போது அடிக்கட்டை பிளந்து, வலது கை கட்டை விரலுக்குக் கீழ இருக்கிற சதை மேட்டுல சிலாம்பு ஏறிடுச்சு. நல்ல தடிமனான சிலாம்பு, பாதி வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு, வீட்டுக்காரம்மா முள்வாங்கியை எடுத்துட்டு வந்து ஒரே இழுப்பு, வந்துடுச்சு. கொஞ்சம் ரத்தம், கழுவி மருந்து போட்டு டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கிட்டாச்சு, கதை முடிஞ்சுதுன்னு நினைச்சோம். வெளிய வந்த சிலாம்போட முனை கூரா இல்லாம முறிஞ்ச மாதிரி இருந்ததை யாரும் கவனிக்கல, இழுத்த கையோட குப்பையில போட்டாச்சு.

ஒரு வாரத்துல மேல தோல் மூடிருச்சு. ரெண்டாவது வாரம் உள்ள ஒரு மொச்சைக் கொட்டை சைஸுக்கு கல்லு மாதிரி ஒரு கட்டி. சும்மா இருந்தா ஒண்ணும் தெரியாது, ஸ்க்ரூட்ரைவர் புடிச்சாலோ கதவுத் தாழ்ப்பாளைத் திருகினாலோ சுருக்குன்னு ஒரு குத்து, கண்ணுல தண்ணி வந்துடும். டாக்டரைப் பாத்தேன், ஆன்டிபயாட்டிக் அஞ்சு நாளைக்குக் குடுத்தாரு, மாத்திரை போடுற வரைக்கும் வத்துச்சு, நிறுத்தின நாலாவது நாள் திரும்பவும் அதே இடத்துல வீங்குச்சு. மறுபடி போனப்ப அவரே சொல்லிட்டாரு, மருந்துக்கு அடங்கி நிறுத்தினா திரும்பத் திரும்ப வருதுன்னா உள்ள ஏதோ உக்காந்திருக்கணும்னு. எக்ஸ்ரேக்கு எழுதிக் குடுத்தாரு.

எக்ஸ்ரேல என் கை எலும்பெல்லாம் பளிச்சுன்னு அழகா இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், எனக்கு இது அப்பத் தெரியாது. எக்ஸ்ரேல இரும்பு, ஊசி, கல்லு இதெல்லாம் தெரியும். கண்ணாடியும் தெரியும். ஈயம் கலந்த கண்ணாடிதான் தெரியும், சாதாரணக் கண்ணாடி தெரியாதுன்னு நிறைய பேரு சொல்றாங்க, அது தப்பு, ரொம்பப் பொடிசா இல்லாத வரைக்கும் எந்தக் கண்ணாடியா இருந்தாலும் தெரியும். தெரியாதது மரம், முள்ளு, பிளாஸ்டிக் இந்த வகையறா. எக்ஸ்ரே கதிரை எவ்வளவு தடுக்குதுங்கிறதுல மரத்துக்கும் சுத்தி இருக்கிற சதைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, அதனால படத்துல ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கரைஞ்சு போயிடும். குத்தினது மரம்னு தெரிஞ்சா அந்த எக்ஸ்ரே நார்மல்ங்கிறதுக்குப் பெருசா அர்த்தமே இல்ல. ஆனாலும் மொதல்ல எக்ஸ்ரே எடுக்கிறது தப்பில்ல, அந்த பீரோவுல ஆணியும்தான் இருந்துச்சு, அது உள்ள இல்லன்னாவது உறுதியாச்சு.

அதுக்கப்புறம்தான் மொத ஸ்கேன். ஸ்கேன்னா எனக்குத் தெரிஞ்சது கர்ப்பிணிகளுக்கு எடுக்கிறதும் கிட்னி கல்லுக்கு எடுக்கிறதும்தான், கைக்கெல்லாம் எடுப்பாங்களான்னே ஆச்சரியமா இருந்துச்சு. உள்ள போனேன், எனக்கு முன்னாடி ஒருத்தருக்கு வயித்து ஸ்கேன் முடிஞ்சிருந்துச்சு, அதே வளைஞ்ச மூஞ்சி ப்ரோபை, அதாவது உடம்பு மேல வச்சு நகர்த்துற கைக்கருவியைத், துடைச்சிட்டு ஜெல்லை ஊத்தி கட்டி மேலயே வச்சு ஒரு அமுக்கு அமுக்கினாரு பாருங்க, நான் பெஞ்சுல இருந்து எந்திரிச்சிட்டேன். எப்ப குத்துச்சு, என்ன குத்துச்சு, எந்தப் பக்கத்துல இருந்து உள்ள போச்சுன்னு ஒரு கேள்வி கிடையாது. ரெண்டு நிமிஷம் இருக்கும். ரிப்போர்ட்ல சாஃப்ட் டிஷ்யூ வீக்கம், அந்நியப் பொருள் எதுவும் தென்படலன்னு ரெண்டு வரி. டாக்டரு அதைப் படிச்சிட்டு சரி, இன்னொரு கோர்ஸ் மாத்திரை போட்டுப் பாப்போம்னாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியாது, கையில இருக்கிற காகிதத்தை வச்சுத்தானே அவரு முடிவு பண்ண முடியும்.

அந்த வாரம் நான் ஒரு முட்டாள்தனம் பண்ணேன். வீட்டுல ஊசியைச் சூடு காட்டி நானே குடைஞ்சு பாத்தேன். ஒண்ணும் வரல, வீக்கம்தான் ரெண்டு மடங்காச்சு. என் சித்தப்பா பையன் டாக்டரு, அவன் கேட்டுட்டு வாய்க்கு வந்தபடி திட்டினான், திட்டிட்டு ஒரு கதை சொன்னான். 1881 ஜூலை 2ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சுட்டாங்க இல்லையா, குண்டு உள்ள எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க டாக்டருங்க கழுவாத விரலையும் கம்பியையும் விட்டு திரும்பத் திரும்பத் துழாவியிருக்காங்க. டெலிஃபோன் கண்டுபிடிச்ச அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இதுக்குன்னே ஒரு உலோகம் தேடுற கருவி செஞ்சு எடுத்துட்டு வந்தாரு, கட்டிலோட இரும்பு ஸ்ப்ரிங்கு குழப்பி விட்டுச்சு, அதுவுமில்லாம குண்டு வலது பக்கம் இருக்குன்னு டாக்டருங்க அடிச்சுச் சொன்னதால தேடினதும் அங்கதான், குண்டு இருந்தது இடது பக்கம். செப்டம்பர் 19ஆம் தேதி மனுஷன் செத்துட்டாரு, குண்டை விட சீழ் வச்சதுதான் ஆளைக் கொன்னுச்சுன்னு இன்னைக்கும் சொல்றாங்க. எக்ஸ்ரே வர்றதுக்கு இன்னும் 14 வருஷம் இருந்துச்சு. உனக்கு அந்த நிலைமை இல்லையேண்ணே, அப்புறம் எதுக்குண்ணே கண்ணை மூடிக்கிட்டு குடையறன்னு கேட்டான். நியாயமான கேள்விதான்.

அவன்தான் மொத ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்கிப் பாத்தான். படத்தைப் பாத்த உடனே, ஏண்ணே இது வயித்து ப்ரோப்ல எடுத்ததாச்சேன்னான். அவன் விளக்கினதை எனக்குப் புரிஞ்ச மாதிரி எழுதறேன். ப்ரோபுக்குள்ள இருக்கிற படிகம் மாதிரியான பொருளுக்கு கரன்ட் குடுத்தா அதிரும், அதிர்ந்தா சத்தம், அந்தச் சத்தம் திரும்பி வந்து மோதினா அதுவே கரன்டா மாறும். இந்தக் குணத்தை 1880-81லயே க்யூரி சகோதரர்கள்னு ரெண்டு பிரெஞ்சு விஞ்ஞானிங்க கண்டுபிடிச்சிட்டாங்க. சதைக்குள்ள சத்தம் செகண்டுக்கு சுமாரா 1540 மீட்டர் வேகத்துல போகுது, போயிட்டு எவ்வளவு நேரத்துல திரும்புதுங்கிறதை வச்சு ஆழத்தை மெஷின் கணக்குப் போடுது. 6 மில்லிமீட்டர் ஆழத்துல ஒண்ணு இருந்தா எதிரொலி சுமாரா 8 மைக்ரோசெகண்டுல வந்துடும். கிணத்துக்குள்ள கத்திட்டு எதிரொலி வர்ற நேரத்தை வச்சு ஆழம் சொல்ற மாதிரிதான்.

இதுல சத்தத்தோட அதிர்வெண், அதாவது செகண்டுக்கு எத்தனை தடவை அதிருதுங்கிறதுதான், எல்லாத்தையும் முடிவு பண்ணுது. ஒரு மெகாஹெர்ட்ஸ்னா செகண்டுக்கு பத்து லட்சம் தடவை. வயித்து ப்ரோப் 3 மெகாஹெர்ட்ஸ், 5 மெகாஹெர்ட்ஸ் அந்த அளவுல வேலை செய்யும், ரொம்ப ஆழம் வரைக்கும் போகும், ஆனா நுணுக்கம் கம்மி. அலை நீளம் எவ்வளவு கம்மியோ அவ்வளவு பொடிசானதும் தெளிவா தெரியும், 3.5 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு அலையோட நீளமே 0.44 மில்லிமீட்டர். தட்டையான மூஞ்சி இருக்கிற லீனியர் ப்ரோப் 12 மெகாஹெர்ட்ஸ்ல ஓடினா அலை நீளம் 0.13 மில்லிமீட்டர்தான், ரொம்ப ஆழம் போகாது, ஆனா கையில எனக்கு ஆழம் எதுக்கு, மொத்தமே ரெண்டு சென்டிமீட்டர் சதை. சின்ன விரலு, கணு மாதிரி இடத்துக்குன்னே ஹாக்கி மட்டை மாதிரி வளைஞ்ச குட்டி ப்ரோபும் இருக்காம். அந்த மொத சென்டர்லயும் லீனியர் ப்ரோப் மெஷின்லயே தொங்கிக்கிட்டு இருந்துச்சு, நான் பாத்தேன், எடுத்து மாத்த முப்பது செகண்ட் ஆகியிருக்கும். இதுக்குத்தான் அந்த ஒத்தை ஸ்டாரு.

சரி ரெண்டாவது இடம். இதை விலாவாரியா எழுதறேன், ஏன்னா நல்லா வேலை பாக்கிறவங்களைப் பத்தி யாரும் எழுத மாட்டேங்கிறாங்க.

உள்ள போன உடனே அந்த டாக்டரம்மா ப்ரோபைத் தொடவே இல்ல. மொதல்ல கேள்வி. என்ன மரம், பெயின்ட் அடிச்சதா, எவ்வளவு தடிமன், எந்த வாக்குல குத்துச்சு, எடுத்த துண்டு இருக்கா, எத்தனை நாள் ஆச்சு, நடுவுல யாராவது கீறினாங்களா. ஊசியால குடைஞ்சதைச் சொன்னேன், ஒரு பார்வை பாத்தாங்க, ஆனா திட்டல. குடைஞ்ச வழியில காத்து புகுந்திருந்தா அதுவும் படத்துல பளிச்சுன்னு வெள்ளையா தெரியும், அப்புறம் சிலாம்பா காத்தான்னு குழம்பும், அதனாலதான் கேட்டேன்னாங்க. அப்புறம் என் கையாலயே, சரியா எந்தப் புள்ளியை அமுக்கினா குத்துதுன்னு ஒரு விரலு நுனியால காட்டச் சொன்னாங்க, அந்த இடத்துல பேனாவால ஒரு புள்ளி.

அடுத்து ஒரு பிளாஸ்டிக் டப்புல வெதுவெதுப்பா தண்ணி. கையை அதுல முக்கி வைங்க சார்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல, மொத இடத்துல ஜெல்லுதானே. தண்ணியும் சத்தத்தை நல்லாவே கடத்தும், ஜெல்லே வேண்டாம், அதை விட முக்கியம் ப்ரோப் தோலைத் தொடவே வேண்டாம். தண்ணிக்குள்ளயே ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் புடிச்சாங்க, வலி சுத்தமா இல்ல. இன்னொரு லாபமும் இருக்கு, ப்ரோபோட மூஞ்சிக்கு ரொம்பக் கிட்ட இருக்கிற இடம் எப்பவும் கலங்கலாத்தான் தெரியுமாம், தண்ணி நடுவுல இருந்தா அந்தக் கலங்கல் தண்ணியோட போயிடும், தோலுக்கு ஒட்டின மாதிரி இருக்கிற சமாச்சாரம் தெளிவான இடத்துல வந்து விழும். தோல் மேல ஒட்டியிருந்த காத்துக் குமிழைக் கூட விரலால தடவி விட்டாங்க, குமிழ் ஒண்ணு இருந்தாலும் அதுக்குக் கீழ ஒண்ணும் தெரியாதாம். தண்ணி வைக்க முடியாத இடம்னா, தோள் முதுகு மாதிரி, ஜெல்லை கனமா கொட்டி அது மேல ப்ரோபை மிதக்க விடுவாங்களாம்.

நிதானமா ஆரம்பிச்சாங்க. கட்டியிலேயே நிக்காம குத்தின இடத்துல இருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரு தடவை நீளவாக்குல, ஒரு தடவை குறுக்குவாக்குல. சிலாம்பு உள்ள போனதுக்கப்புறம் நகர்ந்தும் போகலாமாம். ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பி வச்சதால நானும் பாத்தேன், எனக்கு எல்லாமே சாம்பல் நிற மழை மாதிரி இருந்துச்சு. திடீர்னு அவங்க கை நின்னுச்சு. ப்ரோபை ஒரு நூலளவு சாய்ச்சாங்க, மழைக்கு நடுவுல ஒரு சின்ன வெள்ளைக் கோடு, அதுக்கு நேர் கீழ கறுப்பா ஒரு பட்டை. கோட்டைச் சுத்தி கொஞ்சம் கறுப்பா ஒரு வளையம்.

இந்த மூணையும் அவங்க சொல்லிக் குடுத்தாங்க. வெள்ளைக் கோடு, மரத்துல மோதித் திரும்பின சத்தம். கீழ இருக்கிற கறுப்பு, நிழல், மரத்தைத் தாண்டி சத்தம் போகல. சுத்தி இருக்கிற வளையம் என் உடம்போட வேலை, சீழும் வீக்கமும். இந்த வளையம் குத்தின உடனே இருக்காது, ஒரு நாள் ரெண்டு நாள் போனாத்தான் வரும், வந்தா தேடுறவங்களுக்கு ரொம்ப வசதி. அதே நேரம் மரம் ரொம்ப நாளு உள்ளயே ஊறினா தண்ணி குடிச்சு வெள்ளை மங்கிப் போகுமாம், அதனால காத்திருந்தா நல்லதுன்னு யாரும் எடுத்துக்காதீங்க. இரும்பா இருந்தா கோட்டுக்குக் கீழ நிழலுக்குப் பதிலா வால் நட்சத்திரம் மாதிரி வரிவரியா வெள்ளை வாலு ஒண்ணு வரும், சத்தம் உள்ளுக்குள்ளயே எகிறி எகிறித் திரும்புறதால. கண்ணாடி ரெண்டுல எது வேணா காட்டும். ரத்த ஓட்டம் பாக்கிற கலர் டாப்ளரைப் போட்டப்ப அந்த வளையத்தைச் சுத்தி சிவப்பும் நீலமும் மின்னுச்சு.

அதோட நிறுத்தல. ப்ரோபைத் திருப்பித் திருப்பி அந்தக் கோடு எந்த வாக்குல முழு நீளமா தெரியுதுன்னு கண்டுபிடிச்சு அளந்தாங்க, 11 மில்லிமீட்டர் நீளம், தோல்ல இருந்து 6 மில்லிமீட்டர் ஆழம். தசைநாரும் சில கோணத்துல சாய்ச்சா வெள்ளையிலிருந்து கறுப்பா மாறி ஆளை ஏமாத்துமாம், அதனால கட்டை விரலை மடக்கி நீட்டச் சொன்னாங்க, தசைநார் சர்ருன்னு ஓடுச்சு, சிலாம்பு ஓடல. பக்கத்துல ரத்தக்குழாய் எவ்வளவு தூரத்துல இருக்கு, நரம்பு எங்க ஓடுதுன்னு குறிச்சாங்க. இடது கையையும் ஒரு தடவை பாத்தாங்க, ஒப்பிட்டுப் பாக்க. பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. கடைசியா தோல் மேல பேனாவால சிலாம்பு படுத்திருக்கிற வாக்குலயே ஒரு கோடு, ரெண்டு முனையிலயும் ரெண்டு புள்ளி, எடுக்கப்போற டாக்டருக்கு. ரிப்போர்ட் ஒரு பக்கம் வந்துச்சு, படம் வேற.

எடுத்தது அன்னைக்கு சாயங்காலமே. ஸ்கேன் மெஷினைப் பக்கத்துல வச்சுக்கிட்டே எடுத்தாங்க. மரத்துப் போற ஊசி போடும்போது அதுல காத்துக் குமிழ் இல்லாம பாத்துப் பாத்துப் போட்டாங்க, உள்ள காத்து போனா படம் கெட்டுடும். மருந்தை சிலாம்புக்கு அடியில விட்டப்ப அது ஸ்க்ரீன்ல கறுப்பா பரவி சிலாம்பைக் கொஞ்சம் மேல தூக்கிக் குடுத்துச்சு, இதை நான் கண்ணால பாத்தேன், வலியெல்லாம் மறந்து போச்சு. அப்புறம் இத்தனூண்டு கீறல், இடுக்கி உள்ள போறதும் ஸ்க்ரீன்ல தெரியுது, ரெண்டு வெள்ளைக் கோடும் கிட்ட வந்து வந்து ஒட்டுச்சு. வெளிய வந்தது கருத்துப் போன ஒரு மரத்துண்டு. அளந்தா 9 மில்லிமீட்டர்தான்.

மறுபடி ப்ரோபை வச்சாங்க. மீதி 2 மில்லிமீட்டரு கீறலுக்குப் பக்கத்துலயே இருந்துச்சு. அதையும் எடுத்தாங்க. மறுபடி வச்சுப் பாத்தாங்க, அப்புறம்தான் தையல். அன்னைக்கு அந்தக் கடைசி செக்கிங் இல்லன்னா இன்னொரு மாசம் கழிச்சு நான் வேற ரிவ்யூ எழுதிக்கிட்டு இருப்பேன்.

இப்ப மெஷினுக்கு ஏன் ஒரு ஸ்டாரு குறைச்சேன்னு சொல்றேன், ஏன்னா எல்லாம் நல்லா முடிஞ்சதும் ஸ்கேன் ஒரு மந்திரக்கோலுன்னு எழுதத்தான் கை போகுது. 2015ல ஏற்கனவே வந்த 17 ஆய்வுகளைச் சேத்து அலசி ஒரு கட்டுரை வந்திருக்கு, சித்தப்பா பையன்தான் காட்டினான். உண்மையிலேயே உள்ள பொருள் இருந்தவங்கள்ல 72 சதவீதம் பேருக்குத்தான் ஸ்கேன் கண்டுபிடிச்சிருக்கு. இல்லாதவங்களுக்கு இல்லன்னு சரியா சொன்னது 92 சதவீதம். அதாவது இருக்குன்னு சொன்னா பெரும்பாலும் நம்பலாம், இல்லன்னு சொன்னா அவ்வளவு நிம்மதியா தூங்க முடியாது, நாலுல ஒண்ணுக்கும் மேல கைநழுவுது. என் மொத ஸ்கேன் அந்தக் கணக்குல ஒண்ணு. எலும்புக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தா தெரியாது, காத்து நிறைஞ்ச திறந்த காயத்துல தெரியாது, ரொம்ப ஆழத்துல இருந்தா லீனியர் ப்ரோப் எட்டாது, அதுக்கெல்லாம் சிடி, எம்ஆர்ஐன்னு போகணும். அதுலயும் சிக்கல் இருக்கு, சிடில காஞ்ச மரம் காத்து மாதிரியே தெரியலாம், எம்ஆர்ஐக்கு உள்ள இருக்கிறது இரும்பா இருக்குமோன்னு சந்தேகம் இருந்தாலே மொதல்ல அதைத் தீர்த்துக்கணும், அந்த மெஷின்ல இருக்கிற பெரிய காந்தம் இழுக்கும்.

ஆனா மரம், முள்ளு, பிளாஸ்டிக்குன்னு வந்தா மேலாக இருக்கிற இடத்துல இதுக்கு ஈடு வேற இல்லங்கிறது என் அபிப்பிராயம். கதிர்வீச்சு கிடையாது, எத்தனை தடவை வேணாலும் பாக்கலாம், விரலை அசைச்சுக்கிட்டே பாக்கலாம், எடுக்கும்போதும் கூடவே இருக்கும். இந்த டெக்னிக்கோட பூர்வீகமே இதுதான்னு நினைக்கிறேன், பாய்லர் இரும்புல உள்ளுக்குள்ள விரிசல் இருக்கான்னு தேடுறதுக்கு வச்சிருந்த கருவியைத்தான் கிளாஸ்கோவுல இயன் டொனால்டுன்னு ஒரு மகப்பேறு டாக்டரு 1955ல கட்டிகளை வச்சு சோதிச்சுப் பாத்து, 1958ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகையில எழுதினாரு. இரும்புக்குள்ள இருக்கக்கூடாததைத் தேடின மெஷினு, அப்புறம் ஊருக்கெல்லாம் குழந்தை காட்டிச்சு, இப்ப என் கைக்குள்ள இருக்கக்கூடாததைத் தேடுது.

சட்டைப் பையில போடுற, போன்ல சொருகுற ப்ரோபைப் பத்தி கேப்பீங்க. சித்தப்பா பையன்கிட்ட ஒண்ணு இருக்கு, ஒரே ப்ரோபை ஆழத்துக்கும் மேலுக்கும் மாத்திக்கிற வகை. சிலாம்பு எடுக்கிறதுக்கு முந்தின நாள் ராத்திரி வீட்டுலயே வச்சுப் பாத்தான். ஏதோ நிழல் மாதிரி இருக்குண்ணே, ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்னான். எடுத்ததுக்கப்புறம் பெரிய மெஷின் படத்தைப் பக்கத்துல வச்சு ஒப்பிட்டப்ப அவன் பாத்த நிழலு சரியான இடம்தான். சந்தேகத்தை எழுப்ப போதும், தீர்க்கப் பத்தாது, மூணு ஸ்டாரு. ஆனா அவன் கையையும் கணக்குல எடுக்கணும், அவனே ஒத்துக்கிறான், இந்த வேலை பழக்கம்தானாம். படிக்கும்போது இறைச்சித் துண்டுக்குள்ள பல்குச்சியும் கண்ணாடிச் சில்லும் சொருகி வச்சு, எதுல இருக்கு எதுல இல்லன்னு ப்ரோபை வச்சுக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பழக்குவாங்களாம். டாக்டர் இல்லாதவங்க யாரும் இந்த ப்ரோபை வாங்கி வீட்டுல வச்சுக்கலாமான்னு யோசிக்காதீங்க, உங்களுக்கு எல்லாமே சாம்பல் மழைதான்.

உங்களுக்கும் இப்படி ஒரு இடத்துல திரும்பத் திரும்ப குத்திக்கிட்டே இருந்தா, போற இடத்துல வாயைத் திறந்து சொல்லுங்க. மரம் குத்துச்சு, இந்தத் தேதி, இந்தப் பக்கத்துல இருந்து, எடுத்த துண்டு இதோன்னு. துண்டைத் தூக்கிப் போடாதீங்க, ஒரு டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போங்க. லீனியர் ப்ரோப்ல பாப்பீங்களான்னு தயங்காம கேளுங்க, கோவிச்சுக்கிட்டா வேற இடம் பாத்துக்கலாம். மூட்டுக்குப் பக்கத்துல முள்ளு குத்தியிருந்தா கொஞ்சம் அதிகமாவே அவசரப்படுங்க, முள்ளு முனை மூட்டுக்குள்ள மாட்டினா வாதம் மாதிரி வீங்கி மாசக்கணக்குல படுத்தும், யாருக்கும் முள்ளு ஞாபகமே இருக்காது. ஏற்கனவே ஒரு ஸ்கேன்ல இல்லன்னு வந்திருந்தாலும் குத்து நிக்கலன்னா இன்னொருத்தர் கையில இன்னொரு தடவை.

தையல் பிரிச்சு ஆறு வாரம் ஆச்சு. தாழ்ப்பாளைத் திருகினா வலி இல்ல, கட்டை விரலுக்குக் கீழ ஒரு பொட்டு அளவுக்கு மட்டும் மரத்துப் போன மாதிரி இருக்கு, போகப் போக சரியாகும்னாங்க. போன வாரம் கடைசி செக்கப்புக்குப் போனேன், அதே டப்பு, அதே வெதுவெதுப்பு, ஸ்க்ரீன்ல பாத்தா அதே இடத்துல மறுபடி ஒரு வெள்ளைக் கோடு. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அவங்க நிதானமா ப்ரோபைச் சாய்ச்சுப் பாத்துட்டு, இது தழும்பு சார், நிழலும் இல்ல வளையமும் இல்லன்னாங்க. ஆனா அவசரத்துல பாக்கிறவங்க இதையே சிலாம்புன்னு நினைச்சு மறுபடி கீறிடலாம்னு, தழும்போட நீளமும் இடமும் போட்டு தனியா ஒரு படம் எடுத்து ரிப்போர்ட்ல சேத்துக் குடுத்தாங்க, இந்தக் கைக்கு இனிமே யாரு ஸ்கேன் எடுத்தாலும் மொதல்ல இதைக் காட்டுங்கன்னு சொல்லி.